இசையில் பட்டப்படிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகளுக்கு 16 வயது, படிவம் நான்கு. எட்டு வயதிலிருந்து கர்நாடக வாய்ப்பாட்டு படிக்கிறாள். சுருதி ஐந்து கட்டை. வர்ணம், கீர்த்தனை, கொஞ்சம் ஆலாபனை வரை வந்துவிட்டாள். இசையிலேயே பட்டம் எடுக்க ஆசைப்படுகிறாள். ஆனால் கோடு போட்ட ஸ்டாஃப் நோட்டேஷன் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாது. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா?
— ஒரு தாய், செந்தூல்

கிடைக்கும். ஆனால் ஸ்டாஃப் நோட்டேஷன் பழகும் வேலையை எஸ்பிஎம் (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) முடிந்த பிறகு தொடங்கினால் போதாது அம்மா. இந்த மாதமே தொடங்குங்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், செராஸில் யுசிஎஸ்ஐ என்று எங்கே போனாலும், முதலாண்டு வகுப்புகள் மேற்கத்திய இசைக் கோட்பாட்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஹார்மனி, செவிப்பயிற்சி, இசை வரலாறு எல்லாவற்றுக்கும் ஸ்டாஃப் நோட்டேஷன்தான் எழுத்து. தோடி ராகத்தை இருபது நிமிடம் விரித்துப் பாடக்கூடிய பிள்ளை, எட்டு பார் நீளமுள்ள ஒரு மெட்டைப் பார்த்தவுடன் பாடச் சொன்னால் நின்றுவிடுகிறது. திறமைக் குறைவு என்று அதைச் சொல்ல முடியாது. எழுத்துப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். எழுத்தைப் பழகிக்கொள்ளலாம்.

முதலில், உங்கள் மகளிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். சா எந்தச் சுருதியில் இருந்தாலும் மற்ற சுரங்களின் உறவு மாறாது என்பது அவளுக்கு ரத்தத்திலேயே ஊறியது. மேற்கத்திய செவிப்பயிற்சியில் 'மூவபிள் டோ' என்கிற முறை இதேதான். சா–பா என்பது பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். சாவிலிருந்து சுத்த மத்யமம் பெர்ஃபெக்ட் ஃபோர்த், அந்தர காந்தாரம் மேஜர் தேர்ட், சாதாரண காந்தாரம் மைனர் தேர்ட். பெயர்தான் புதிது, காது பழையது. சங்கராபரணத்தின் சுரங்கள் மேஜர் ஸ்கேல், நடபைரவி நேச்சுரல் மைனர், கீரவாணி ஹார்மோனிக் மைனர். ஐந்து எட்டு, ஏழு எட்டு என்று தாளக் குறி போட்டிருந்தால் மற்ற மாணவர்கள் விரலால் எண்ணுவார்கள். கண்ட சாபு, மிஸ்ர சாபு போட்ட கைக்கு அது தானாக வரும்.

இல்லாதவை மூன்று.

ஒன்று, எழுத்து. ஐந்து கட்டை என்பது ஜி. டிரெபிள் கிளெஃப் என்னும் அந்தச் சுருள் குறி, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றித்தான் வளைந்திருக்கும். அந்தக் கோடுதான் ஜி, அதாவது அவளுடைய சா. அங்கிருந்தே தொடங்கட்டும். அவள் பாடும் சங்கராபரணம் ஒரே ஒரு ஷார்ப் உள்ள ஜி மேஜர். கீதங்களையும் அலங்காரங்களையும் ஜி மேஜரில் அவளே கோட்டில் எழுதிப் பார்க்கட்டும். கையில் உள்ள பாடத்தை எழுதும்போது குறிகள் சீக்கிரம் மனதில் பதியும். இரண்டு மாதம் கழித்து சாவை சி, எஃப், டி என்று இடம் மாற்றி எழுதவேண்டும். இங்கேதான் பல பிள்ளைகள் ஜியிலேயே தங்கிவிடுகிறார்கள். தங்கவிடாதீர்கள்.

இரண்டு, ஹார்மனி. ஒரே நேரத்தில் மூன்று சுரம் ஒலிப்பதைக் கேட்டுப் பிரித்தறியும் பழக்கம் கர்நாடக வகுப்பில் கிடையாது. 61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு இதற்குப் போதும். ச–க–ப, ம–த–ச, ப–நி–ரி என்ற மூன்று கார்டுகளையும் தினமும் வாசித்து, ஒவ்வொன்றின் அடிச்சுரத்தையும் நடுச்சுரத்தையும் தனியாகப் பாடச் சொல்லுங்கள். நடுச்சுரம்தான் கடினம். அது பிடிபட்டால் கார்டு பிடிபட்டுவிடும்.

மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் பழக்கத்தை விட்டுப் பாடுவது. பார்த்துப் பாடும் தேர்வில் ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்கவேண்டும். பத்தாண்டு பழகிய குரல் தன்னை அறியாமலே ரிஷபத்தை அசைக்கும், காந்தாரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறும். கேட்கும் தேர்வாளர் சுருதி நிலைக்கவில்லை என்று எழுதிவிடுவார். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு சுரத்துக்கு நான்கு தட்டு, அசைவில்லாமல் ஆரோகண அவரோகணம் பாடிப் பதிவு செய்து கேட்கட்டும். இதைத் தம்புராவோடு மட்டும் செய்யக்கூடாது, பியானோவோடும் செய்யவேண்டும். தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரம், பியானோவின் மேஜர் தேர்டைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்வு. ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். காதுள்ள பிள்ளைக்கு அந்த வித்தியாசம் உறுத்தும். எது எங்கே சரி என்று தெரிந்து பாடினால் குழப்பம் வராது.

கிரேட் 1 முதல் 8 வரை இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் வாரியமான ஏபிஆர்எஸ்எம்மின் கிரேட் 5 தியரியைப் படிவம் ஐந்து முடிவதற்குள் எழுதிவிடுவது நல்ல இலக்கு. ஆறு ஷார்ப், ஆறு ஃபிளாட் வரையிலான கீ சிக்னேச்சர்கள், நான்கு கிளெஃப்கள், டிரான்ஸ்போசிங், கேடன்ஸ் எல்லாம் அதில் அடங்கும். மொத்தம் 75 மதிப்பெண், தேர்ச்சிக்கு 50. வாரம் ஒரு வகுப்பு, தினம் அரை மணி நேரம் எழுத்து என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் அடையக்கூடியதுதான்.

பாட்டு வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தேர்வுக் குழுவுக்கு முன்னால் அவளை மற்றவர்களிடமிருந்து தனித்துக் காட்டப்போவது அந்தப் பாட்டுதான்.

நான் மிருதங்கம் வாசிக்கிறேன். அதையே முக்கிய வாத்தியமாகக் காட்டி விண்ணப்பிக்கலாமா?
— 18 வயது வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

விண்ணப்பிக்கும் முன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள் தம்பி. இரண்டே கேள்வி: மிருதங்கத்தை முதன்மை வாத்தியமாக ஏற்கிறீர்களா? ஏற்றால், படிப்பு முடியும்வரை அதைக் கற்பிக்கும் ஆசிரியர் உங்களிடம் இருக்கிறாரா? முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்து இரண்டாவதற்கு மௌனம் வந்தால், சேர்ந்த பிறகு நீங்கள் தனியாக நிற்கவேண்டியிருக்கும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கவில்லை என்றால் பெர்கஷன் என்ற மேற்கத்தியத் தாள வாத்தியப் பிரிவு இருக்கிறது. அங்கே ஸ்னேர் டிரம், டிம்பனி, மரிம்பா அல்லது சைலஃபோன் என்று மூன்று வகையும் கேட்பார்கள். கணக்கில் நீங்கள் முன்னால் இருப்பீர்கள். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடை மாற்றிக் கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு) சொல்லத் தெரிந்தவருக்கு, ஒரு தட்டை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரிக்கும் டிரிப்லெட், குவின்டுப்லெட் புதிதல்ல. கையில்தான் பின்தங்குவீர்கள். விரலால் பேசிய கை இனி மணிக்கட்டால் குச்சியைத் துள்ளவிடவேண்டும். ஸ்னேரில் ஒரு சீரான ரோல் வருவதற்கே சில மாதம் ஆகும். மரிம்பாவில் சுரம் படிக்கவும் வேண்டும். இவற்றுக்குக் குறைந்தது ஓராண்டு ஒதுக்குங்கள்.

இசைப் பட்டம் என்கிறார்கள், இசைக் கல்வி என்கிறார்கள், ஆடியோ டெக்னாலஜி என்கிறார்கள். மகன் பியானோ நன்றாக வாசிக்கிறான். எதில் சேர்ப்பது? எதில் வேலை?
— ஒரு தந்தை, செராஸ்

பட்டத்தின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு வாரத்துக்கான நேர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு படிப்புகளில் அட்டவணை தலைகீழாக இருக்கும்.

வாசிப்புப் பிரிவு என்றால் நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் தனி அறையில் சாதகம், பருவத்துக்கொரு தேர்வுக் குழு, கடைசியில் முழு நீளக் கச்சேரி. இசைக் கல்வி என்றால் அந்த நேரத்தில் பாதி கற்பித்தல் முறை, குழந்தை உளவியல், பள்ளிப் பயிற்சிக்குப் போய்விடும். ஆடியோ டெக்னாலஜியில் மைக் வைப்பது, ஒலிப்பதிவு, மிக்ஸிங், அறை ஒலியியல். வாத்தியம் இரண்டாம் இடத்துக்கு இறங்கும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பகுதியின் பாரம்பரிய இசைகளை ஆராயும் பாடங்களுக்கு நல்ல இடம் உண்டு. எழுதவும் களத்தில் இறங்கி விசாரிக்கவும் பிடித்த பிள்ளைக்கு அது பொருந்தும்.

மகனைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் யாரும் எதுவும் சொல்லாமல் விட்டால் என்ன செய்கிறான்? ஒரே பாட்டின் நான்கு பாரை நாற்பது முறை திருத்தி வாசித்தால் வாசிப்புப் பிரிவு. பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் கல்வி. கணினியில் ஒலியை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் தொழில்நுட்பம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம். நம் நாட்டில் மாதச் சம்பளம் தரும் முழுநேர ஆர்கெஸ்ட்ரா இடங்கள் மிகச் சில. இரட்டைக் கோபுரத்தில் உள்ள மலேசிய ஃபில்ஹார்மோனிக்கில் இடம் காலியானால் பல நாட்டு வாத்தியக்காரர்களோடு போட்டி போடவேண்டும். இசை படித்தவர்களில் பலருடைய வருமானம் கற்பித்தலில் தொடங்குகிறது. அதோடு திருமணம், கோயில், மேடை வாசிப்பு, பக்கவாத்தியம், ஒலிப்பதிவு என்று நான்கைந்து கிளைகள் சேரும். இப்படிப் பல கிளையில் வாழ்வதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கும்போதே அதற்குத் தயாராகவேண்டும். பியானோ மாணவன் இரண்டாம் ஆண்டிலேயே பாடகர்களுக்கு உடன் வாசித்துப் பழகினால், பட்டம் வாங்கும்போது அவனைக் கூப்பிட ஆட்கள் இருப்பார்கள்.

அரசாங்கப் பள்ளி ஆசிரியராகத்தான் வேண்டும் என்றால் கணக்கு வேறு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்விப் பட்டம் இருக்கிறது. எஸ்பிஎம் முடித்தவுடன் போகக்கூடிய ஆசிரியர் பயிற்சிக் கழக வழியும் உண்டு. கல்வித் துறை சாராத இசைப் பட்டம் மட்டும் கையில் இருந்தால், பள்ளியில் நிரந்தரமாக அமர்வதற்கு முன் பட்டத்துக்குப் பிந்திய கல்வி டிப்ளோமா தேவைப்படும். நமது தமிழ்ப்பள்ளிகளில் இசையை முறையாகப் படித்து வந்து கற்பிக்கும் ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளியே மாறிவிடும். இந்த வழியை இரண்டாந்தரமாக நினைக்கவேண்டாம் என்று பெற்றோரை மனமாரக் கேட்டுக்கொள்கிறோம்.

கல்லூரித் திறந்தநாளுக்குப் போகும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: முதன்மை வாத்தியத்துக்குத் தனி வகுப்பு வாரம் எத்தனை நிமிடம்? ஒரு பருவத்துக்குப் பொதுவாக 14 வாரம். வாரம் அறுபது நிமிடம் என்றால் ஆறு பருவத்தில் 84 மணி நேரம். முப்பது நிமிடம் என்றால் 42. கட்டணம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே இந்த ஒரு எண் முடிவு சொல்லிவிடும். சாதக அறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், தேர்வுக்கு உடன் வாசிப்பவரின் கட்டணம் யார் தலையில், ஆசிரியர் முழுநேரமா பகுதிநேரமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வரவேற்பு மேசையில் இருப்பவரைவிட, சாதக அறைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் சரியான பதில் சொல்வார்.

கிரேட் 8 இல்லாமல் சேர முடியாதா?
— வாசகி, பெட்டாலிங் ஜெயா

எத்தனை கிரேட் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சான்றிதழ் கதவு வரை கொண்டுபோகும். உள்ளே விடுவது நேரடித் தேர்வு. ஏபிஆர்எஸ்எம் செயல்முறைத் தேர்வில் 150-க்கு 100 தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். கிரேட் 8-ஐ 102-இல் தாண்டிய பிள்ளையைவிட, கிரேட் 7-ஐ 135-இல் முடித்த பிள்ளை நேரடித் தேர்வில் நிதானமாக வாசிப்பதுண்டு. காரணம் எளிது: ஆண்டு முழுக்க மூன்றே பாட்டை உருப்போட்டுக் கிரேட் ஏறியவருக்கு நான்காவது பாட்டு தெரியாது.

இன்னொன்று. ஏபிஆர்எஸ்எம்மில் கிரேட் 6-க்கோ அதற்கு மேலோ போக, கிரேட் 5 தியரி அல்லது அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறொரு கிரேட் 5 தேர்ச்சி முதலில் வேண்டும். டிரினிட்டி என்ற இன்னொரு பிரிட்டிஷ் தேர்வு வாரியத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அதற்காகத் தியரியைத் தள்ளிப்போட்டவர்கள் முதலாண்டு ஹார்மனி வகுப்பில் திணறுகிறார்கள்.

சென்னையிலோ சிதம்பரத்திலோ கர்நாடக சங்கீதத்தையே முழுமையாகப் படிக்கவேண்டும் என்பது என் விருப்பம். எஸ்பிஎம் எழுதிவிட்டேன். உடனே போகலாமா?
— வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

அருமையான விருப்பம். ஆனால் எஸ்பிஎம்மோடு போகமுடியாது. இந்தியாவில் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு கேட்பார்கள். நம்முடைய எஸ்பிஎம் பதினோரு ஆண்டு. எஸ்டிபிஎம் (படிவம் ஆறு தேர்வு) முடித்துவிட்டுப் போவது சிக்கலில்லாத வழி. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியாவில் சமநிலைச் சான்று வாங்கவேண்டிவரும். அதற்குச் சில வாரம் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்தது, பட்டமா பட்டயமா (டிப்ளோமாவா) என்று பார்ப்பது. தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் இருக்கின்றன. அங்கே காலகாலமாகப் பெயர்பெற்ற 'இசைக்கலைமணி' ஒரு பட்டயம். 1936-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவின் புகழ்பெற்ற படிப்பும் பட்டயம்தான். மேடையில் இரண்டுக்கும் பெரிய மரியாதை. ஆனால் ஊர் திரும்பி முதுகலைக்கோ கல்வி டிப்ளோமாவுக்கோ விண்ணப்பிக்கும்போது 'இளங்கலைப் பட்டம் எங்கே' என்று கேட்பார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 2013-இல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழும் பட்டப்படிப்புகள் உண்டு. பெண்களுக்குச் சென்னைக் குயின் மேரிஸ் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தக் குறிப்பிட்ட பட்டம் இங்கே ஏற்கப்படுமா என்று மலேசியத் தகுதி முகமையிடமும், அரசாங்க வேலை எண்ணம் இருந்தால் பொதுச் சேவைத் துறையிடமும் எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

ஐசிசிஆர் என்ற இந்தியக் கலாச்சார உறவுக் கழகம் வெளிநாட்டு மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் தருகிறது, இசையும் அதில் சேரும். விண்ணப்பம் இணையவழி. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் போனால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிவது கட்டாயம். அறை தேடும் அவசரத்தில் இதை மறந்துவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

கல்லூரி ஒரு பக்கம், குரு ஒரு பக்கம் என்பது அங்கே வழக்கம். வகுப்பில் இலக்கணமும் பாடத்திட்டமும் கிடைக்கும். பாணி குருவின் வீட்டில்தான் வரும். மாதச் செலவுக் கணக்கில் குருதட்சிணைக்கும் மார்கழிக் கச்சேரிக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

பிடிபிடிஎன் கடன் இசைக்குக் கிடைக்குமா? ஈபிஎப் பணத்தை எடுக்கலாமா?
— ஒரு தாய், கெப்போங்

அரசின் உயர்கல்விக் கடனான பிடிபிடிஎன், பாடம் இசையா பொறியியலா என்று பார்ப்பதில்லை. படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கவேண்டும். முகமையின் இணையப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரை மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பிள்ளை சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயரும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கல்லூரியில் ஒரு படிப்புக்கு இருக்கும் அங்கீகாரம் பக்கத்துப் படிப்புக்கு இல்லாமல் போகலாம். பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்பான எஸ்எஸ்பிஎன் கணக்கு இல்லையென்றால் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். ஊழியர் சேமநிதியான ஈபிஎப்பில் 'அக்கவுன் செஜாத்தெரா' என்ற கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க வழி உண்டு.

கட்டணத் தாளில் வராத செலவுகளும் இருக்கின்றன: பியானோ டியூனிங், வயலின் நரம்பு, வில் முடி மாற்றுவது, ஸ்கோர் புத்தகம், உடன் வாசிப்பவர் கட்டணம். நம் ஊர் ஈரப்பதத்தில் மர வாத்தியம் சீக்கிரம் சுருதி விலகும். பியானோவை ஆண்டுக்கு இரண்டு முறையாவது டியூன் செய்யவேண்டும்.

நேரடித் தேர்வுக்குப் பதிலாக வீடியோ அனுப்பச் சொல்கிறார்கள். கைப்பேசி போதுமா?
— 19 வயது வாசகி, ஜார்ஜ்டவுன்

போதும். ஆனால் கைப்பேசி ஒலியைத் தானே சமப்படுத்தும்: மெல்லிய இடத்தை ஏற்றி, உரத்த இடத்தை அமுக்கிவிடும். நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். சிறிய யுஎஸ்பி மைக் ஒன்றை இரவல் வாங்கி, ஒலி அளவைக் கையால் பூட்டி வையுங்கள். அதிக உரத்த இடத்தில் முள் சிவப்பைத் தொடக்கூடாது.

டைல்ஸ் போட்ட ஹாலில் எதிரொலி அதிகம். மெத்தையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கையறை நல்லது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், அதன் இரைச்சல் மெல்லிய இடங்களை மூடும். மாலை மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கினால் அன்றைய பதிவு போயிற்று, காலையில் எடுங்கள். கைப்பேசியைக் குறுக்காக வைத்து, வயலின் என்றால் முகம், இடது கை, வில் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் தெரியவேண்டும். பியானோ என்றால் வலப்பக்கத்திலிருந்து, விரலும் பெடலும் தெரியும்படி.

கர்நாடக முறையில் வயலின் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. மேற்கத்தியப் பாட்டு வாசிக்கும்போது நரம்புகளை ஜி–டி–ஏ–இ என்றே கூட்டவேண்டும். ச–ப–ச–ப கூட்டலில் விரலை மட்டும் மாற்றிச் சமாளிக்கப் பார்த்தால் இரண்டாவது பாட்டிலேயே சிக்கும். நின்று, தாடையில் தாங்கி வாசிக்கும் பழக்கம் வர நான்கைந்து மாதம் எடுக்கும். சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றியே பழகிய இடது கை, அந்த ஊன்றுகோல் போனவுடன் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். கட்டைவிரலைத் தளர்த்தி வைத்து மெதுவான நீள வில்லில் ஸ்கேல் வாசிப்பதுதான் மருந்து.

ஒரு பாட்டை ஒரே மூச்சில் பதியுங்கள். வெட்டி ஒட்டினால் தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் எடுக்காதீர்கள். நான்காவதில் கை சோர்ந்திருக்கும். இறுதி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஏற்றிவிட்டு, இணைப்பை இன்னொருவருடைய கைப்பேசியில் திறந்து பாருங்கள். அனுமதி பூட்டியிருந்தால் தேர்வாளருக்கும் திறக்காது.